தொலைந்தால் பரவாயில்லாத வரிகள்

மார்ச் 3, காலை 7:10
நிலவின் தென்முனை நிலையம். நான் செண்பகவல்லி. நிலையத்தின் அளவீடுகளை வரி வரியாகப் பதியும் நிரல்கள் என் பொறுப்பு. வெப்பநிலை வரிகள் பஃபரில், அதாவது நினைவகத்தில், சேர்ந்து நிறைந்தபின் மொத்தமாக, மின்சாரம் போனாலும் அழியாத வட்டுக்குப் போகின்றன. மின்சாரம் மிச்சம். நடுவில் மின்சாரம் போனால் அந்த வரிகளும் போகும், பரவாயில்லை. காற்றழுத்த வரிகள் அப்படியல்ல. ஒவ்வொன்றும் உடனே வட்டில் ஏறும்.

மார்ச் 3, மாலை 6:25
நிலையத் தலைவர் வரதராஜ், ரேடியோவில்: “ஒவ்வொரு வரிக்கும் வட்டைத் தட்டி எழுப்பணுமா? உங்க வீட்ல முதல் டிகிரி நீதானே? அதான் புஸ்தகத்துல இருக்கறதை அப்படியே பண்ற. எல்லாத்தையும் பஃபர்ல போடு.”
தயங்கினேன். தன் கடவுச்சொல்லால் அவரே மாற்றிவிட்டார். “சரி சார்” என்றேன். எப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

மார்ச் 5, காலை 11:40
செடிக்கூடத்தில் காற்று கசிந்தது. அழுத்தம் விழுந்ததைச் சொல்லும் வரிகள் பஃபரில் காத்திருந்தன. அதற்குள் மின்சாரம் போய் வந்தது. வட்டில் மிஞ்சிய கடைசி வரி: இயல்பு.
அதைப் படித்துவிட்டு வரதராஜ் சார், செடிகளைப் பார்க்கும் இம்மானுவேலை உள்ளே அனுப்பினார். “ஹெல்மெட் எதுக்குய்யா? கல்யாண ஊர்வலமா போற?”
இம்மானுவேல் திரும்பவில்லை.

மார்ச் 5, பிற்பகல் 2:15
பூமிக்கு அவர் சொன்னது எனக்கும் கேட்டது: “அந்தப் பொண்ணோட நிரல்தான். சொன்னா கேக்கல.”
என்னைத் தெற்கு அறையில் பூட்டியிருக்கிறார். இந்த அறையின் காற்று, வெப்பம், கணினி எல்லாம் அவர் பக்கத்து சுவிட்சில்.

மார்ச் 6, காலை 9:05
ரேடியோவில் அவர்: “நான்தான் மாத்தினேன்னு எழுதும்மா. என் திரையில வந்ததும் கதவைத் திறக்கறேன்.”
எழுதினேன். முழு ஒப்புதல், என் பெயரோடு.
“நல்ல பொண்ணு.”
அவர் திரையில் பார்ப்பது என் கணினியின் பஃபரை. அவர் சொன்னபடி எல்லாம் பஃபரில்தான் இருக்கிறது. இந்தக் குறிப்பு மட்டும் அவர் திரைக்குப் போகாது. இதை வரிக்கு வரி வட்டில் எழுதுகிறேன். அவருடைய குரலும் கடவுச்சொல் பயன்பட்ட பதிவும் இதோடு இருக்கின்றன.
மின்சாரத்தை விட்டுவைத்துக் கதவைத் திறந்தால், பஃபர் நிறைந்ததும் என் ஒப்புதல் வட்டுக்குப் போகும். பழியைச் சுமந்துகொண்டு ஊர் திரும்புவேன். இந்த அறையின் சுவிட்சை அணைத்தால் பஃபரிலுள்ள ஒப்புதல் அழியும், வட்டிலுள்ள இது மிஞ்சும்.
எதைச் செய்வதென்று அவரே முடிவு செய்யட்டும்.

9:20
வெளியே காலடிச் சத்தம் இல்லை.

9:31
காற்று விசிறி நின்றுவிட்டது. விளக்கு மங்குகிறது.
“தூங்கும்மா, வலிக்காது.”
சரி சார்.