எந்தப் பக்கம் ஓடினேன்

ஜூலை 18, வெள்ளி
பட்டாளத்திலிருந்து லீவில் வந்து ஒன்பது நாள். பரளச்சி பஸ் ஸ்டாப்பில் என் பிளெக்ஸ் இன்னும் கிழியவில்லை: ‘குண்டு மழையில் நண்பனைச் சுமந்த வீரன் மாரிக்கண்ணன்’. நான் சுற்றுவழியாகத்தான் போய் வருகிறேன்.

ஜூலை 20, ஞாயிறு
ஆடிப் பொங்கலுக்குக் கோயில் பரிவட்டம் எனக்குத்தானாம். ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள். சாமி முன்னால் என் தலையில் துணி கட்டி, முதல் திருநீறு.

எல்லையில் அன்றைக்கு நான் நண்பன் அனீஸைக் காப்பாற்றவா போனேன்? பங்கரை விட்டு ஓடினேன். பின்பக்கமாக, பயந்து. வழியில் காலில் அடிபட்டுக் கிடந்தான், தூக்கிக்கொண்டேன். அவ்வளவுதான். பொண்டாட்டி முனீஸ்வரியிடம்கூடச் சொன்னதில்லை. அவன் மயங்கிக் கிடந்தானா, பார்த்துக்கொண்டே கிடந்தானா?

ஜூலை 22, செவ்வாய்
நரிக்குடியிலிருந்து அனீஸ் போன் செய்தான். “பொங்கலுக்கு வாரேன்லே. ஒன்ட்ட நேர்ல ஒண்ணு கேக்கணும்.”

போன்ல கேட்டா என்ன? ஊர் கூடியிருக்கும்போதுதான் கேக்கணுமா?

ஜூலை 24, வியாழன்
கொல்லையில் முனீஸ்வரி போனில், “அவுகளுக்குத் தெரிய வேணாம்ண்ணே” என்றாள். என்னைக் கண்டதும் வைத்துவிட்டாள். கேட்டால், அவள் அண்ணனாம்.

அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். அனீஸ் நம்பர்! அப்ப இவளுக்கும் தெரிஞ்சு போச்சா? பொண்டாட்டி போனைத் திருட்டுத்தனமாகப் பார்க்கிறவனுக்குப் பரிவட்டம் ஒரு கேடு.

ஜூலை 26, சனி
பொங்கலுக்கு முன்னாலேயே கிளம்பிவிட, அருப்புக்கோட்டை போய் ரயில் டிக்கெட் விசாரித்தேன். மறுபடியும் ஓட்டம்.

ஜூலை 29, செவ்வாய்
இன்றைக்குப் பொங்கல். அனீஸ் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினான். ஒற்றைக் கால், கையில் ஊன்றுகோல். கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்ததுமே முந்திக்கொண்டேன்.

“ஏலே, நான் ஒன்னத் தூக்க வரல. பயந்து ஓடியாந்தேன்.”

“தெரியும். பாத்துக்கிட்டுத்தான கெடந்தேன்” என்றான். “தூக்கத்துல ‘ஓடிட்டேன், ஓடிட்டேன்’னு கத்துறியாம். ஒம் பொண்டாட்டி போன்ல அழுதுச்சு.”

அவனே தொடர்ந்தான்.

“நீ என்னத் தாண்டிப் போயிட்டலே. இருவதடி போயிருப்ப. அப்பத்தான் தனியாக் கெடந்து, ஒன்ன மாதிரி நானும் பயந்தேன். பெறகு குண்டு விழுற பக்கமே திரும்பி வந்த. எதுக்குலே திரும்புன? அதான் கேக்கணும்னு இருந்தேன்.”

யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஓடியது ஒவ்வொரு அடியும் நினைவிருக்கிறது. திரும்பி வந்தது மட்டும் நினைவில் இல்லை.

பரிவட்டம் கட்டப் பூசாரி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அனீஸின் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன்.