காதுக்குப் பின்னால் ஒரு திருஷ்டிப் பொட்டு

என் அன்புத் தங்கை மலர்விழிக்கு,

நீ மறைந்தபின் வரும் முதல் தீபாவளி நெருங்குகிறது. பிரிக்பீல்ட்ஸில் உன் புருவ அழகுக் கடை திறந்தே இருக்கிறது; உன்னோடு சேர்ந்து அதைத் தொடங்கிய சுமதிதான் நடத்துகிறாள். சன்னலோர நாற்காலியை யாரும் நகர்த்தவில்லை. வெளிச்சம் அங்கேதான் சரியாக விழுகிறது என்று நீ சண்டை போட்டுப் பிடித்த இடமல்லவா?

சென்ற வாரம், நான் அங்கிருந்தபோது, கிள்ளானில் அழகுப் பயிற்சி மையம் நடத்தும் ஒருவர் வந்தார். புருவக் கலைக்கு ஒரே நாள் வகுப்பு, மாலையில் சான்றிதழ். அதற்கு உன் பெயரையும் படத்தையும் கேட்டார். "உங்க தங்கச்சி பேரப் போட்டா நம்ம பொண்ணுங்க யோசிக்காம சேருவாங்க லா, சார்." உன் படம் போட்ட விளம்பரத்தை ஏற்கெனவே தயாரித்துக் கைப்பேசியில் வைத்திருந்தார்.

புருவத்தில் சாயம் பூசுவதற்கு முந்தைய நாள் செய்யும் ஒவ்வாமைச் சோதனையை எப்போது கற்பிப்பீர்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் பார்த்தா கஸ்டமர் பக்கத்துக் கடைக்குப் போயிருவாங்க சார். தீபாவளி நேரத்துல யாரு ஒரு நாள் காத்திருப்பா?"

பந்திங்கிலிருந்து வந்த அந்த அக்கா காத்திருந்தார். உனக்கு நினைவிருக்கிறதா? அதுவும் தீபாவளிக் கூட்டம்தான். காதுக்குப் பின்னால் ஒரு துளி சாயம் வைத்து, நாளைக்கு வாருங்கள் என்றாய். கடை அதிரக் கத்தினார்: "பஸ் ஏறி வந்தவள மை வெச்சு அனுப்புறியே, நான் என்ன கைப்பிள்ளையா? இது என்ன திருஷ்டிப் பொட்டா?"

"ஆமாக்கா. உங்க கண்ணுக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுல்ல, அதுக்குத்தான்."

மறுநாள் காது சிவந்து வீங்க வந்து நின்றார். கையில் ஒரு டப்பா முறுக்கு. அந்தச் சாயம் இமையருகே பட்டிருந்தால்? நூலால் மட்டும் திருத்தி அனுப்பினாய். அன்றிலிருந்து கடையில் அந்தச் சோதனைக்குப் பெயரே திருஷ்டிப் பொட்டு.

என் மனைவிக்கு நீ செய்ததை அந்த மனிதரிடம் சொல்ல மனம் வரவில்லை. உன்னிடம் சொல்கிறேன். புற்றுநோய்ச் சிகிச்சையில் புருவங்கள் உதிர்ந்தபின் வாணி கண்ணாடியைத் துணியால் மூடிவிட்டாள். ஊசியால் நிரந்தரமாக வரையும் கலை உன் கையில் இருந்தது, அவளும் கெஞ்சினாள். மருத்துவர் சம்மதிக்கும்வரை ஊசி படாது என்று மறுத்தாய். மறுத்துவிட்டு ஒதுங்கவில்லை. கடை திறக்குமுன் தினமும் வீட்டுக்கு வந்து, பென்சிலால் ஒவ்வொரு முடியாக வரைந்தாய்.

"அண்ணி, இன்னைக்குக் கோபப் புருவமா, சாந்தப் புருவமா?"

"உன் அண்ணன் வீட்டுலதானே இருக்காரு? கோபமே போடு."

அவள் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பின் எங்கள் வீட்டில் கேட்ட சிரிப்பு. மருத்துவர் சம்மதிக்குமுன்பே அவளுக்குச் சொந்தப் புருவங்கள் வளர்ந்துவிட்டன. கண்ணாடியில் இப்போது துணி இல்லை. இதற்கு நன்றி என்ற ஒரு சொல் போதுமா, மலர்?

ஆகவே அந்த மனிதரிடம் நான் குரலை உயர்த்தவில்லை. சினம் முற்றினால் என் குரல் தாழும் என்பது உனக்குத் தெரியும். பிறர் கண்ணருகே ஊசி பிடிக்கப்போகிறவர்களுக்கு மறுக்கக் கற்றுத்தராத வகுப்பு ஏமாற்று என்றேன்; அதை என் தங்கையின் முகத்தைக் காட்டி விற்பது இழிவு என்றேன். விளம்பரத்தை என் கண்முன் அழிக்கவைத்தேன். "கோவிச்சுக்காதீங்க லா, சார்" என்றபடி வெளியேறினார்.

சுமதி என்னை விடவில்லை. "வேணாம்னு சொல்லிட்டா ஆச்சாண்ணே? அப்ப அந்தப் பொண்ணுங்க எங்க போய் ஒழுங்காக் கத்துக்குவாங்க?"

நேற்று, கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமை, அவளே வகுப்பைத் தொடங்கிவிட்டாள். சேர்ந்த பெண்கள் யாரும் முதல் நாள் புருவத்தைத் தொடவில்லை. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், முன்பு எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்கவும், "இன்னைக்கு வேணாம்க்கா" என்று முகம் சுளிக்காமல் சொல்லவும் பழகினார்கள். உன் நாற்காலியில் முதல் வாடிக்கையாளராக உட்கார்ந்தவள் உன் அண்ணி. கூந்தலை ஒதுக்கிக் காதைக் காட்டினாள்.

அந்தப் பொட்டு வைக்காத யாரையும் உன் பெயரைச் சொல்ல விடமாட்டேன். இது என் வாக்கு.

இன்று காலை வாணியின் காதைப் பார்த்தேன். சிவக்கவில்லை.

கோபப் புருவத்தோடு,
உன் அண்ணன் கதிரேசன்