வெளியிலிருந்து போட்ட தாழ்ப்பாள்

கோவில்பட்டி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள சபிதாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் ஷைனியும் நலம். உன் நைட் டியூட்டி முடிந்ததா? நேரத்துக்குச் சாப்பிடு.

பக்கத்து வீட்டு ஜரினாவின் தம்பி யாசின் நாளை குவைத்துக்கு விமானம் ஏறுகிறான். இதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் பாதியில் அழுது வைத்துவிடுவாய். உன் அறையில் இருப்பவர்களும் கேட்பார்கள். உன் அக்கா ரூபி மதினி இதற்குள் அவர்கள் பக்கத்தைச் சொல்லியிருப்பார்கள். நான் பார்த்ததைக் கேள்.

நீ போன பிறகு, ஜூனில் ப்ளே ஸ்கூலில் சேர்க்க வேண்டுமென்றால் பிள்ளை டயப்பர் இல்லாமல் வரவேண்டும் என்றார்கள். பகலில் பார்த்துக்கொள்ள வந்த மதினி உடனே டயப்பரை நிறுத்தினார்கள். நான் கயத்தாறு ஒர்க்‌ஷாப்பிலிருந்து திரும்பும்போதெல்லாம் ஷைனி காய்ந்த உடையோடு இருப்பாள். எனக்குப் பெருமைதான்.

பிறகு அவள் தண்ணீர் குடிக்க மறுத்தாள். இந்த மே மாத வெயிலில், தம்ளரைக் கண்டாலே வாயைப் பொத்திக்கொண்டாள். பீரோவுக்கு அடியில் நனைந்த ஜட்டி சுருட்டிக் கிடந்தது. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு ஒளித்துவைக்க யார் சொல்லிக்கொடுத்தது? தொடையில் சிவப்பாக ஒரு கோடு வேறு. மதினியிடம் கேட்டேன். "எறும்பு கடிச்சிருக்கும் தம்பி" என்றார்கள். எறும்பு கோடு கிழித்தா கடிக்கும்? அன்றிலிருந்து குளிப்பாட்டும்போது பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மதினி கையிலிருக்கும் வளையலைக்கூடச் சந்தேகத்தோடு பார்த்தேன்.

ஜரினாவிடம் விசாரித்தேன். "மத்தியானம் பிள்ள அழுத சத்தம் கேக்குது அண்ணாச்சி. சொந்தப் பெரியம்மா பாக்காவ, நான் என்னத்தச் சொல்ல?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புதன்கிழமை, வர நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போய், மத்தியானமே திரும்பினேன். பாத்ரூம் கதவு வெளியே தாழிட்டிருந்தது. லைட்டும் போடவில்லை. எதிரே மதினி நாற்காலி போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டு, "போயிட்டுச் சொல்லுட்டி, தொறக்கேன்" என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்தேன். ஷைனி பிளாஸ்டிக் பேசினில் உட்கார்ந்திருந்தாள். அதன் விளிம்பு தொடையை அழுத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வரவில்லை, சபிதா. "போயிட்டேன், போயிட்டேன்" என்றாள். பேசின் காய்ந்து கிடந்தது.

மதினிக்கு என் கோபம் புரியவே இல்லை. "ஒரு அடி அடிச்சிருப்பேனா தம்பி? தண்ணி வாரத்துக்கு ஒருக்காத்தான் வருது, எத்தன துணியத்தான் அலச? எங்கப்பா எங்க ரெண்டு பேரையும் இப்படி அடைச்சுப்போட்டுத்தான பழக்குனாவ. சபிதா நல்லா வளரலியா?" என்றார்கள்.

நம் கல்யாணமான நாளிலிருந்து நீ பாத்ரூம் கதவைத் தாழிட்டதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டபோது சிரித்து மழுப்பினாய். நானும் விட்டுவிட்டேன்.

மதினியை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டாக்டர், கொஞ்ச நாள் டயப்பரே போடுங்கள், பயம் தெளிந்தால் தானே சொல்வாள் என்றார். பகலில் ஜரினா பார்த்துக்கொள்கிறாள். பேசினை முற்றத்தில் வைத்திருக்கிறாள், உட்காரச் சொல்வதில்லை. நேற்று ஷைனி தானாகவே போய் அதில் பொம்மையை உட்காரவைத்தாளாம். தண்ணீரும் கேட்டுக் குடிக்கிறாள். ஸ்கூல் அடுத்த வருஷம் பார்க்கலாம்.

ஒன்று மட்டும் என்னை அரிக்கிறது. வாசலில் செருப்பை மாட்டும்போது மதினி சொன்னார்கள்: "நம்மளப் பழக்குன மாதிரியே பழக்கிரு அக்கான்னு அவதான சொல்லிட்டுப் போனா." தன் தப்பை மறைக்கச் சொன்னார்களா, நீ நிஜமாகவே சொன்னாயா, எனக்குத் தெரியவில்லை. நீ ஏர்போர்ட்டில் பிள்ளையை என்னிடம் தராமல் மதினி கையில் கொடுத்ததைக்கூட இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இப்படி நினைக்க எனக்கே பிடிக்கவில்லை.

நீ சொல்லவில்லை என்றால், இல்லை என்று ஒரு வரி எழுது. நம்பிவிடுவேன். சொன்னாய் என்றால் எழுத வேண்டாம். லீவு கேட்டு நேரே வந்துவிடு. நான் ஒன்றும் கேட்க மாட்டேன்.

கர்த்தர் உன்னைப் பயமில்லாமல் தூங்கவைக்கட்டும்.

உன்,
டேவிட்சன்