சிவப்புத் துணி கட்டிய தரவைத் துண்டு

என் கையெழுத்துக்காக என்னோடு ஓயாமல் சண்டை பிடித்த செல்ல அக்காவுக்கு,

இதையும் கோணலாகத்தான் எழுதுகிறேன். ரோந்து போகிறவர்களுக்கு வெளிச்சம் தெரியக்கூடாது என்று விளக்கை அலுமாரிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அம்மா அழுது இப்போதுதான் உறங்கினார். அவருக்கும் தெரியாமல் எழுதுகிறேன்.

இன்று உங்கள் கம்பஸில் இயற்கை வளம் படிப்பவர்கள் நாலு பேர் விரிவுரையாளரோடு எங்கள் ஊர் சரவணைக்கு வந்தார்கள். ஊர் மேய்ச்சல் தரவையில் நீங்கள் முள் அடைத்து வைத்த துண்டைப் பார்க்கத்தான். ஆடு மாடு வாய் வைக்காவிட்டால் அந்த உவர் மண்ணில் என்ன முளைக்கும் என்று அறிய ஆசைப்பட்டீர்களே, அந்த இடம். பக்கத்து வீட்டுப் பரமு அண்ணை தரவைக்குப் போகும் ஒழுங்கையிலேயே மறித்துவிட்டார்.

“சேர், உதுக்குள்ள கால் வைக்காதேங்கோ. கண்ணிவெடி! சிவப்புத் துணி கட்டிக் கிடக்குது, பாருங்கோ.”

பாதை மூடியிருந்ததால் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. அந்தக் காய்ச்சலிலேயே நீங்கள் கண்ணை மூடிய அடுத்த மாதம் ஆமிக்காரர் தரவை வழியாகப் போனார்கள். எல்லை தெரிய நீங்கள் கட்டிய துணியை யாரோ வெடிக்கு அடையாளம் என்றார்கள். ஊர் நம்பியது. நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் மறுநாளே ஆடுகள் இறங்கியிருக்கும். அது பிழையா அக்கா?

“அப்ப இந்த இடத்தை விடுவம். பிள்ளையளைக் கொண்டுவர ஏலாது” என்று விரிவுரையாளர் பார்க்கும் இடங்களின் பட்டியலில் அதை வெட்டப் பேனையைத் திறந்தார்.

“சேர், அது என்ர அக்காவின்ர பழைய பாவாடை.”

“சரி. பிறகு ஆரும் ஒண்டும் புதைக்கேல்லை எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?”

நீங்கள் அளவுகள் எழுதி வைத்த கொப்பியை நீட்டினேன். இரண்டு வருடமாக மாதம் ஒருமுறை, ஊர் மத்தியானம் படுத்திருக்கும் நேரத்தில், அடிமட்டத்தோடு உள்ளே போய் மூலைக்கு மூலை முளைத்ததை அளந்து அதில் எழுதியிருக்கிறேன். முதல் தடவை முள்ளை விலக்கும்போது நினைத்தேன்: உண்மையாகவே யாராவது புதைத்திருந்தால்? அந்தப் பயம் ஒரு மாதமும் விட்டுப்போகவில்லை.

ஒழுங்கையில் கூடியவர்களில் ஆடு வளர்க்கும் செல்லம் மாமிதான் முதலில் கத்தினார். “எடி கள்ளி! ஒரு பாவாடைத் துண்டுக்குப் பயந்தோ நான் இவ்வளவு நாளும் ஆட்டைக் கட்டையில கட்டி வளர்த்தனான்? நாளைக்கே அவிட்டு விடுறன் பார்!”

“நான் அந்தப் பக்கம் சைக்கிள்கூட ஓடேல்லை, மாமி” என்று பரமு அண்ணை தலையைச் சொறிந்தார்.

பிறகு நான் முன்னுக்குப் போக எல்லோரும் வந்தார்கள். வெளியே வெறும் வெள்ளை மண். உள்ளே முழங்கால் உயரப் புல். ஒருவரும் தண்ணீர் ஊற்றாமலே ஏழு வேப்பங்கன்றுகள். மாமி குனிந்து புல்லைத் தடவிப் பார்த்தார்.

“புல்லை அறுத்துத் தருவியோ? அப்பிடியெண்டால் ஆடு வெளியில நிக்கும்.”

“அரைவாசியை அறுக்கட்டும்” என்றார் விரிவுரையாளர். “அறுத்ததும் அறுக்காததும் எப்பிடி வளருது எண்டு பிள்ளையள் பார்க்கலாம்.” பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். மாதக் கடைசியில் இன்னும் கொஞ்சப் பேரைக் கூட்டி வருவார்களாம்.

கதை அம்மாவிடம் எனக்கு முன்பே போய்விட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். கொப்பியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். உங்கள் எழுத்து முடிந்து என் எழுத்து தொடங்கும் பக்கத்தில்தான் அழுதார்.

“இனித் தனியப் போகாதை” என்றார். “நானும் வாறன்.”

எனக்கு இன்னும் பயம்தான், அக்கா. ஆனாலும் அந்த ஏழில் ஒரு வேம்பின் நிழலிலாவது உங்கள் கம்பஸ் பிள்ளைகள் இருந்து படிக்கும்வரை, மாதம் தவறாமல் அளப்பேன். சத்தியமாக.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போகப்போகிற,
உங்கள் தங்கச்சி