தராசுக்காரருக்குத் துலாபாரம்

சாலை, திருவனந்தபுரம்
4-3-1974, திங்கட்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

வடிவு எழுதுகிறேன். இங்கே நானும் மகள் சரோஜமும் உங்கள் அக்கா உலகம்மை மதினியும் சுகம். அங்கே நீங்களும் சுகம்தானே என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவரிடம் அப்படிக் கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். மூச்சு முட்டாமல் படுக்க முடிகிறதா, தலைக்கு உயரமாக வைத்துத் தருகிறார்களா என்பதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இதைத் தபாலில் போட்டால் வியாழக்கிழமைக்குள் வருமோ வராதோ. உங்கள் முதலாளி பகவதிப்பெருமாள் பிள்ளை பருப்புக் கொள்முதலுக்காக இன்று சாயங்காலம் மெட்ராஸுக்குப் புறப்படுகிறார். வழியில் வேலூரில் இறங்கி உங்கள் கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து பாதியில் கசக்கி எறியாமல் கடைசிவரை வாசியுங்கள். உங்கள் கோபம் ஊருக்கே தெரியும். எனக்கும் கோபம் வரும் என்பது உங்களுக்கு ஒரு நாளாவது தெரியட்டும்.

சனிக்கிழமை மத்தியானம் கடையிலிருந்து ஆள் வந்து, வேலூரிலிருந்து ட்ரங்க் கால் என்றார். ட்ரங்க் கால் என்றால் நல்ல சேதிக்கா வரும்? மாவுக் கையோடு ஓடினேன். சாலைத் தெரு முழுக்க மாட்டு வண்டியும் மூட்டையும். யாரை இடித்தேன், யார் திட்டினார்கள் என்று எனக்கு ஓர்மையில்லை. ரிசீவரை எடுத்தால் திரவியம் பேசுகிறான். உங்களுக்குத் துணையாக இருக்கத்தானே அவனை அனுப்பினோம், அவன் குரலைக் கேட்டால் அவனுக்கே ஒரு துணை வேண்டும் போலிருந்தது. "அண்ணாச்சி ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டர்கிட்டயே சொல்லியாச்சு, ஊருக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லுகாரு, என்னெக்கொண்டு முடியல்லே அக்கா" என்று அழாத குறை.

காரணம் உங்கள் அக்காவின் கடிதமாம். நீங்கள் பிழைத்து வந்ததும் தெருக்கோடிக் கிருஷ்ணன் கோயிலில் உங்கள் எடைக்கு எடை கதளிப்பழம் துலாபாரம் கொடுப்பதாக மதினி நேர்ந்துகொண்டார். அதோடு விட்டாரா? உங்களுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று சரோஜத்தை உட்காரவைத்து எழுதியும் அனுப்பிவிட்டார். எனக்குத் தெரிந்திருந்தால் அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டிருப்பேன். அந்த நேர்ச்சையைத் திரும்ப எடுத்தால்தான் ஆபரேஷன் மேஜையில் ஏறுவேன் என்று நீங்கள் பிடிவாதம் பிடிப்பதாகத் திரவியம் சொன்னான்.

அத்தான், வால்வு சுருங்கிப்போச்சு, இனி தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் உங்கள் முகத்துக்கு நேரேதானே சொன்னார்? இப்போது விட்டால் அடுத்த முறை எப்போது கூப்பிடுவார்களோ, அதுவரை உங்கள் நெஞ்சு தாங்குமோ. வாழைப்பழத்துக்குப் பயந்து உயிரை விட்ட மனுஷன் என்று சாலை முழுக்கச் சிரிக்கும். தாணுமாலையன் என்று சுசீந்திரத்துச் சாமியின் பெயரை, மூன்று தெய்வத்தை ஒன்றாய்க் கட்டிய பெயரை, பிறந்ததிலிருந்து சுமக்கிறீர்கள். அதை இறக்கிவைத்தால்தான் மேஜையில் ஏறுவேன் என்று ஏன் சொல்லவில்லை?

கோபத்தில் எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தவில்லை, இருக்கட்டும். உங்கள் பக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. நீங்கள் தராசு பிடிக்கிற ஆள். தட்டில் என்ன ஏறினாலும் எதற்கு ஏறுகிறது, எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பீர்கள். டாக்டர் அறுத்துத் தைப்பார், கூலி கிருஷ்ணனுக்கா என்று கேட்பீர்கள். நம்பாமல் அந்தத் தட்டில் போய் உட்கார்ந்தால் அது கள்ள எடை என்பீர்கள். பகுத்தறிவுச் சங்கத்துக் கூட்டத்தில் மேடையேறிப் பேசினதற்காக இதைச் சொல்லவில்லை, உங்கள் சுபாவமே அதுதான் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். வியாழக்கிழமை உங்களுக்கு மயக்க மருந்து கொடுத்துவிடுவார்கள், ஒன்றும் தெரியாது. டாக்டர் கையில் கத்தி இருக்கும். திரவியத்தின் கையில் பீடி இருக்கும். இங்கே எங்கள் கையில் என்ன இருக்கும்? அத்தனை நேரமும் ஒரு மனுஷி சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? நான்கு வயசில் தாயில்லாமல் போன உங்களை இடுப்பில் வைத்து வளர்த்தவர் மதினி. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். பலிக்குமா பலிக்காதா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரியாது.

நான் உங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். தம்பானூர் ஸ்டேஷனில் வண்டி புறப்படுகிற நேரத்தில், எனக்காக ஒரு நேர்ச்சையும் கூடாது என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினீர்களே, அதை மீறவில்லை. தினமும் பழவங்காடி வழியாகத்தான் போகிறேன். பிள்ளையார் முன்னால் தேங்காய் சிதறுகிற சத்தம் கேட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறேன். அன்று போனில் திரவியமே, "அங்கே ஒரு தேங்காய் ஒடச்சா கொள்ளாம், நான் சொன்னேன்னு அண்ணாச்சிகிட்ட சொல்லாதேங்கோ" என்றான். உங்கள் சங்கத்துச் செயலாளர்! அவனுக்கும் முடியாது என்றுதான் சொன்னேன்.

உள்ளதைச் சொன்னால், அந்தச் சத்தியம் வாங்கினதிலிருந்து எனக்கு உங்கள்மேல் தீராத கோபம். எனக்கிருந்த ஒரே பிடியையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார், ஈவிரக்கமில்லாத மனுஷன் என்று நினைத்தேன். போனிலும் அதைத்தான் கத்தினேன். கடையில் நின்ற ஆளெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் திரவியம் சொன்னான். "அண்ணாச்சிக்குப் பயம் சாகிறதுக்கு இல்லேக்கா. லிங்கம் போனப்போ சாமியும் வடிவை விட்டுப் போச்சு, ஒரு வருஷம் கல்லா இருந்தா. இப்பவும் நேர்ந்து, நானும் போயிட்டா அவ பின்னே யாருகிட்ட பேசுவா? வீட்டிலே நேர்ச்சைன்னு ஒண்ணே இருக்கப்பிடாதுன்னு சொல்லுகாரு" என்றான்.

பிறகு முதலாளிதான் ரிசீவரை வாங்கிப் பேசினார்.

வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். நம் மகன் லிங்கம் தொண்டை அடைப்பான் வந்து கிடந்தபோது நான் நேராத கோயில் இல்லை. பிள்ளை போனபின் குத்துவிளக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மறுநாளே அதை எடுத்துத் துடைத்து வாசலில் ஏற்றினது நீங்கள். ஒரு வருஷமும் சாயங்காலம் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் ஏற்றினீர்கள். உங்களுக்குத் திரி உருட்டத் தெரியாது. கயிறு மாதிரி உருட்டி, புகை வந்து, சுவரெல்லாம் கரி. ஏன் ஏற்றுகிறீர்கள் என்று நான் எரிந்து விழுந்தபோது, வாசல் இருட்டாகக் கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள், வேறொன்றுமில்லை என்றீர்கள். வாசலில் எலக்ட்ரிக் பல்பு எரிந்துகொண்டிருந்தது அத்தான். அதை அன்றைக்கும் நான் யோசிக்கவில்லை, இத்தனை வருஷமும் யோசிக்கவில்லை.

சரி, இனி நடந்ததைக் கேளுங்கள். நேர்ச்சையை விடச் சொன்னதும் மதினி, "நேந்ததைத் திரும்ப எடுத்தா என் தம்பிக்கு ஆபத்தாக்கும்" என்று மூலையில் போய் உட்கார்ந்தவர்தான், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எடுக்காவிட்டால் ஆபரேஷனே இல்லை என்று நானும் விடவில்லை. இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் சரோஜம் பரீட்சைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். கடைசியில் நேற்றுக் காலையில் மதினியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

பூஜை செய்கிற போற்றியிடம் ஒளிக்காமல் சொன்னேன். ஆளுக்கு நம்பிக்கையில்லை, அவரைத் தட்டில் ஏற்ற முடியாது, ஏற்றவும் கூடாது என்றேன். நேர்ச்சையை ரத்து செய்கிற வழக்கம் இங்கே இல்லை என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நேர்ந்தவளே அதை ஏற்றுக்கொண்டு அவனுக்குப் பதிலாக உட்காரலாம், ஆனால் நேர்ந்த எடை குறையக் கூடாது என்றார். உங்கள் எடைதான் கடையில் எல்லாருக்கும் தெரியுமே, மூட்டை வராத நேரத்தில் உங்களைத்தானே தூக்கித் தராசில் வைத்து விளையாடுவார்கள். அந்த எடைக்குப் பழம் வைத்தாயிற்று. எதிர்த்தட்டில் மதினி ஏறி உட்கார்ந்தார். பழத்தட்டு அசையவில்லை. மதினி அந்தரத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார். அவரிடம் எலும்பும் உங்களைப் பற்றிய கவலையும் தவிர வேறென்ன எடை இருக்கிறது? எல்லாரும் பார்க்கிறார்கள். மதினியின் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதே தட்டில் ஏறி மதினிக்குப் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்துவிட்டேன். தட்டு தரையில் வந்து இடித்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், போற்றியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பிறகு இரண்டு பேர் எடைக்கும் சேர்த்துக் கூடப் பழம் வைக்க வேண்டியதாயிற்று. நான் எதுவும் நேரவில்லை அத்தான். எதுவும் கேட்கவும் இல்லை, கண்ணைக்கூட மூடவில்லை. எடைக்கல்லாகத்தான் ஏறினேன். மதினி ஏதாவது கேட்டாரா என்று என்னிடம் கேட்காதீர்கள். உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை.

ஆக, உங்கள் உடம்பின்மேல் இப்போது ஒரு நேர்ச்சையும் இல்லை. பிழைத்து வந்தால் டாக்டரால்தான் பிழைத்தீர்கள், அதை மேடையில் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று திரவியத்தைப் பொய் சொல்லச் சொன்னது நான்தான். அவனைத் திட்டாதீர்கள். வியாழக்கிழமை மேஜையில் ஏறுங்கள்.

உங்கள் பயத்துக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்காத ஒரு வாக்கு இது. வியாழக்கிழமை சாயங்காலம் நான் விளக்கு ஏற்றுவேன். வெள்ளிக்கிழமையும் ஏற்றுவேன். எந்தச் சேதி வந்தாலும் ஏற்றுவேன். கட்டிலுக்கு அடியில் தள்ள மாட்டேன். லிங்கத்தின்மேல், சரோஜத்தின்மேல் ஆணை. அதற்காக நீங்கள் இனிப் பயப்பட வேண்டாம். நிம்மதியாகப் படுங்கள்.

வாசல் பல்பு நீங்கள் போன மறுநாளே பீஸாகிவிட்டது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டுமா என்று சரோஜம் கேட்டாள், வேண்டாம் என்றேன். விளக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். பல்பை நீங்கள் வந்து மாற்றுங்கள்.

என்றும் உங்கள்
வடிவம்மாள்