கிண்ணம் எட்டாத பதினோரு பேர்

1957 ஜூன் 2, ஞாயிறு

விடியும்போதே வெக்கை. கோட்டை மலைமேல் மேகம் உண்டு, மழை இல்லை.

இன்று இராப்போஜன ஆராதனை. போதகர் ஐயா கிருஷ்ணகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தார். வயிறு சரியில்லை, களி வேண்டாம் என்றார். இட்லி ஆறு.

கோயிலில் நடந்தது: கிண்ணத்தில் திராட்சை ரசம் கடைசி வரிசைக்குப் போகுமுன் தீர்ந்துவிட்டது. இப்படி ஒருநாளும் ஆனதில்லை. ஐயா கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தார். வீட்டுக்காரர் சபை மூப்பர் அல்லவா, இவரும் ரச ஜாடியைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டு. கதவோரம் உட்கார்ந்திருந்த பதினோரு பேருக்கும் அப்பம் மட்டும். ஈஸ்டருக்கு ஞானஸ்நானம் எடுத்த கல் உடைக்கிற குடும்பங்கள். அவர்களில் மரியாள் ஏந்திய கையை மடக்காமல் சற்று நேரம் அப்படியே இருந்தாள். பிறகு சேலையில் துடைத்துக்கொண்டாள். துடைக்க ஒன்றுமில்லை.

வரும் வழியில் இவர்: "அப்பம் கெடைச்சுதில்ல. அடுத்த மாசம் பார்த்துக்கலாம் வுடு."

முதல் பாயில் எஸ்தர் அக்கா இரண்டு வாய் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். காரணம் அதுதான்.

ஜூன் 3, திங்கள்

அவரைக் கொட்டை காயவைத்தேன். பின்கட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறது, மூன்று.

எஸ்தர் அக்கா காரணம் இல்லை. ஒரு வாய் கூடக் குடித்தால் பதினோரு பேருக்கா குறையும்? ஜாடியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், ஓட்டையும் இல்லை.

மாமியாருக்குப் பிறகு திராட்சை வற்றலை ஊறவைத்து, வெல்லம் சேர்த்துக் காய்ச்சி வடிப்பது நான்தான். ஆளுக்கு ஒரு வாய் என்று அளவு. எத்தனை ஆள் என்பதற்கு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற பட்டியல். யார் முதலில் ஞானஸ்நானம் எடுத்தார்களோ அந்த வரிசை. தலையில் எங்கள் குடும்பம், அடுத்து எஸ்தர் அக்கா குடும்பம், இப்படியே அறுபத்திரண்டு பேர். உட்காருவதும் அந்த வரிசை, கிண்ணம் போவதும் அந்த வரிசை.

பட்டியலில் இந்தப் பதினோரு பேர் இல்லை. நான் எழுதவில்லை.

மரியாளுக்கு ஞானஸ்நானத்தன்று கட்ட வெள்ளைச் சேலை கொடுத்ததே நான். தண்ணீரிலிருந்து எழுந்தபோது தலை துவட்டிவிட்டதும் நான். ஆனால் ஆள் கணக்கில் அவள் இல்லை. ஞாபக மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். ஆராதனைக்கே வராத பெங்களூர் நாத்தனாரை மறக்காமல் சேர்த்திருக்கிறேன்.

தப்பு என்னுடையது. நான் தப்பு செய்வது அபூர்வம், செய்தால் மறைக்கிற ஆள் இல்லை. இவரிடம் சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத. கூட்டம் ஜாஸ்தின்னு நெனச்சிட்டு இருக்காங்க, அப்படியே இருக்கட்டும்."

ஜூன் 5, புதன்

மரியாள் ராகி புடைக்க வந்தாள். வழக்கமாக வாய் ஓயாது. இன்று முறத்தின் சத்தம் மட்டும். நானே கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்கம்மா. எங்கூட்டு ஆளுதான். 'மாரியம்மன் கோயில்ல கடைசில நின்னாலும் ஒரு கரண்டி கூழு ஊத்துவாங்க, ஒஞ் சாமி கிண்ணத்தக் கவுத்துக் காட்டுதா'ன்னு சிரிக்கிறாரு. குழியில கல்லு ஒடைக்கிறவங்க எல்லாம் சிரிக்கிறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"என்னான்னு சொல்றது? நெசந்தானே."

இனிமேல் கோயிலுக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டானாம். தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். பால்காரர் வந்தார். பால் வாங்கித் திரும்பினால் அவள் புடைத்து முடித்துப் போய்விட்டாள். பால்காரர் ஒரு சாக்கு. சொல்லியிருக்கலாம்.

ஜூன் 9, ஞாயிறு

உபதேசியார்தான் ஆராதனை நடத்தினார். பதினோரு பேரில் வந்தது நாலு பேர். மரியாள் இல்லை.

புதன்கிழமை பெண்கள் கூட்டத்தில் பேச என் முறை. ஆமோஸ் தீர்க்கதரிசி என்று மார்ச்சிலேயே பெயர் கொடுத்துவிட்டேன். சுலபம் என்று நினைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். இன்னும் சத்தமாகப் படித்தால்தான் ஏறும். அடுப்படியில் படித்தேன். பருப்பு அடி பிடித்தது.

எனக்குப் புரிந்தது, புதன்கிழமைக்காக:

ஆடு மேய்த்தவர். காட்டத்திப் பழம் பறித்தவர். தீர்க்கதரிசி பரம்பரை இல்லை, அதை அவரே சொல்கிறார்.

முதலில் சுற்றியிருக்கிற ஊர்களை ஒவ்வொன்றாகத் திட்டுகிறார். கேட்கிறவர்களுக்கு நல்ல சந்தோஷம் இருந்திருக்கும். கடைசியில் அவர்கள் பக்கமே திரும்புகிறார்.

உங்களை மட்டும்தான் நெருங்கி அறிந்தேன் என்று கடவுள் சொல்கிறார். அடுத்து பாராட்டு வரும் என்று பார்த்தால், அதனால்தான் உங்களை விசாரிப்பேன் என்கிறார். இந்த இடத்தை நாலு தடவை படித்தேன்.

உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்தேன், சரி, உங்கள் பகையாளிகளையும் நான்தான் வேறு தேசத்திலிருந்து கொண்டுவந்தேன் என்கிறார்.

பணக்காரப் பெண்களைப் பாசான் தேசத்துக் கொழுத்த பசுக்கள் என்கிறார். ஏழைகளை நசுக்கிக்கொண்டே புருஷனிடம் "கொண்டா, குடிக்கலாம்" என்கிறார்களாம்.

குடிக்கலாம். இங்கே புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஜூன் 12, புதன்

பெண்கள் கூட்டம். பத்தொன்பது பேர். தூறல்.

பக்கத்து ஊர்க்காரர்கள் என்ன தப்பு செய்கிறார்கள், சொல்லுங்கள் என்று ஆரம்பித்தேன். கேட்க வேண்டுமா. கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூடைக்கு அடியில் அழுகல் வைப்பார்கள் என்றாள் ஒருத்தி. பர்கூரில் கிழ மாட்டுக்குப் பல் தேய்த்து வயதைக் குறைப்பார்கள் என்றாள் இன்னொருத்தி. எஸ்தர் அக்கா, "ஓசூருக்காரங்க கன்னடத்துல வெல சொல்லி, தெலுங்குல எறக்கி, தமிழ்ல ஏமாத்துவாங்க!" என்றதும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்கள்.

"சரி, இப்ப நம்ம கோயில்" என்றேன்.

சிரிப்பு நின்றது. போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு கிண்ணம் ஏன் காலியானது என்று சொன்னேன். பட்டியலைக் கதவிலிருந்து பிய்த்தே கொண்டுபோயிருந்தேன், காட்டினேன். "கூட்டம் ஜாஸ்தி இல்லை. அவங்களை நான் ஆளா எண்ணலை" என்றேன். அடுத்த இராப்போஜனத்துக்கு வரிசை கிடையாது, யார் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்றும் சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. சொன்னேன்.

எஸ்தர் அக்கா எழுந்தாள். "எங்க தாத்தாவ ஊர வுட்டே தள்ளி வெச்சாங்க. கெணத்துல தண்ணி எடுக்க வுடல. தலையில கல்லு சொமந்து இந்தக் கோயிலக் கட்டுனாரு. முன்னால உக்கார எங்களுக்கு உரிமை இல்லியா? நேத்து வந்தவங்களுக்கு எடம் வுட்டு எந்திரிக்கணுமா?"

அவள் சொன்னது பொய் இல்லை. அந்தத் தாத்தா பட்ட அடியின் தழும்பை நானே பார்த்திருக்கிறேன்.

"உரிமை இருக்குது அக்கா. அதனாலதான் மொதல் விசாரணை நமக்கு" என்றேன்.

"அப்ப பாசான் மாடு நானா?"

"நானும்தான். ரெண்டு பேரும் ஒரே தொழுவம்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை. காப்பி குடிக்காமல் போய்விட்டாள்.

ஜூன் 13, வியாழன்

இவர் பகல் முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம், "மூப்பர் பொஞ்சாதி இப்படியா கடைத்தெருவுல போட்டு ஒடைப்பா?" கோயில் கடைத்தெரு இல்லை என்றேன். ரசம் மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

ஜூலை 6, சனி

மரியாள் ஒரு மாதமாக வரவில்லை. இன்று நானே கல்லுக்குழிக்குப் போனேன். உச்சி வெயில். பொடி பறந்து எல்லோருக்கும் இமை வெள்ளை. அவள் புருஷனும் இருந்தான். எல்லோர் முன்னாலும் சொன்னேன். கிண்ணம் தீர்ந்தது சாமியால் இல்லை, என்னால். உன்னை எண்ண மறந்தேன். மன்னிச்சுக்கோ.

சுத்தியல் சத்தம் நின்றது. அவள் புருஷன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "பெரிய ஊட்டம்மா குழி வரைக்கும் வந்து சொல்லுது. போயித்தான் பாரேன்" என்றான். மரியாள் எனக்கு உட்கார ஒரு கல்லைத் துடைத்துப் போட்டாள்.

புதுப் பட்டியல் எழுதினேன். அகர வரிசை. எழுபத்து மூன்று பேர். வற்றல் ஊறுகிறது.

ஜூலை 7, ஞாயிறு

மழை விட்டு வெயில். பதினோரு பேரும் வந்தார்கள். மரியாள் அந்த வெள்ளைச் சேலையில்.

வரிசை கிடையாது என்று சொன்னேனே தவிர, பழைய குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் அவரவர் இடத்தில். புதியவர்கள் கதவோரம். சரி, நாமே செய்து காட்டுவோம் என்று முதல் பாயை விட்டு எழுந்து கடைசிக்குப் போய் மரியாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குள் நல்ல திருப்தி.

உடனே பதினோரு பேரும் மரியாதைக்கு ஒரு முழம் பின்னால் நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். அவர்கள் இன்னும் நகர்ந்தார்கள். இரண்டு பேர் வாசற்படிக்கு வெளியே வெயிலில்.

மரியாள் காதோடு, "ஏம்மா, நீங்க பின்னால வந்தா நாங்க எங்க போறது? திரும்பக் குழிக்கா?"

இதை நான் யோசிக்கவில்லை. எல்லாவற்றையும் யோசிக்கிறவள், இதை யோசிக்கவில்லை. தாழ்மைக்கும் நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

"எந்திரி" என்றேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மற்றப் பத்துப் பேரும் பின்னால். முன்வரிசையில் நான் விட்ட இடம் ஒரு ஆளுக்கானது. எஸ்தர் அக்கா சேலையைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள், நகரவில்லை. உட்கார வழியில்லாமல் பன்னிரண்டு பேரும் நின்றோம், பலிபீடத்தை மறைத்துக்கொண்டு. இவர் ஜாடியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் திரும்பப் போகவில்லை. ஐயா கிண்ணத்தோடு இறங்கி வந்தார். எங்களைத் தாண்டாமல் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. கொடுத்தார். முதலில் மரியாள்.

குடித்தாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். என் பக்கம் சாய்ந்து, "வெல்லம் கொஞ்சம் தூக்கலுங்கம்மா" என்றாள்.

இத்தனை வருஷத்தில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. கிண்ணம் என்னிடம் வந்தது. தூக்கல்தான்.