வாய்க்காலில் இறங்கிய மண்

1936 மே 4, திங்கள்
வெள்ளவத்தைச் சதுப்பில் குப்பை கொட்டி மண் மூடும் வேலைக்கு நான் ஓவசியராகி ஐந்து மாதம். வாய்க்கால் பக்கச் சரிவு இன்று முடிந்தது. காட்டுப்புல் ஒன்று விடாமல் பிடுங்குவித்தேன். பார்க்க அழகாய்த்தான் இருக்கிறது.

மண் வெட்டும் பெண்கள் கூட்டத்துக்கு முன்னால் நிற்கிற அங்கம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, “புல்ல விட்டு வைக்கலாமுங்க. மழைக்கு இந்த மண்ணு நிக்காது” என்றாள். இஞ்சினியர் துரை வரப்போகிறார், துப்புரவாக இருக்கவேணும் என்றேன்.

வீட்டில் மனைவி கௌரியிடம் பெருமை பேசினேன். “குப்பை மேட்டுக்குத் தலை வாரி இழுத்துவிட்டனீங்களோ?” என்றாள்.

மே 7, வியாழன்
துரை பார்த்தார். “வெரி நீட்” என்றார். தலைமை ஓவசியர் வேலை காலியாம். எனக்குத்தான் என்று ஆபீசில் கதைக்கிறார்கள்.

மே 18, திங்கள்
மூன்று நாள் மழை. சரிவில் ஆள் படுக்கக்கூடிய அளவுக்குப் பள்ளங்கள். மூடிய மண் முழுதும் வாய்க்காலில். தகரமும் கந்தலும் வெளியே எட்டிப் பார்க்கின்றன.

கொட்டாஞ்சேனைச் செபஸ்தியனின் செங்கல் படகு சேற்றில் இறுகிப்போய்விட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “ஐயா, இது வாய்க்காலோ வயலோ?” என்று கேட்டான். சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை. என் ஆட்களை இறக்கி, பாதிச் செங்கலைக் கரையேற்றின பிறகுதான் படகு அசைந்தது.

மே 20, புதன்
வாய்க்கால் அடைபட்டதற்குக் காரணம் செபஸ்தியன் உடைந்த செங்கலும் மணலும் கொட்டுவதுதான் என்று ஆபீசில் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறார்கள். அவனுடைய படகு லைசென்ஸை நிறுத்தப் போகிறார்களாம். “ஓவசியர் சாட்சிக் கையெழுத்து வைத்தால் எங்களுக்குக் கரைச்சல் இல்லை” என்றார் பெரிய கிளாக்கர்.

நாளைக்கு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் நாளைக்கு? ஏலாது என்று சொல்ல வாய் வரேல்லை. அவ்வளவுதான்.

கௌரியிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: “செபஸ்தியனுக்கு எத்தனை பிள்ளையள்?”
“ஐஞ்சு.”


மே 21, வியாழன்
கிளாக்கரிடம் போகாமல் நேரே துரையிடம் போனேன். மண் என்னுடைய சரிவிலிருந்து போனது, புல்லைப் பிடுங்கச் சொன்னது நான் என்றேன். இந்த முறை வாய் வந்தது.

துரை “அதை நான்தானே பாராட்டினேன்” என்றார். பிறகு கடிதத்தை இரண்டாய்க் கிழித்தார். சரிவைத் தாங்கக் கல் சுவர் கட்ட அடுத்த வருஷம்தான் பணம் கிடைக்கும், அதுவரை என்ன செய்வாய் என்று கேட்டார்.

“ஒரு மாதத்துக்குள் மண் போவதை நிறுத்துகிறேன்” என்றேன். எப்படி? எனக்கே தெரியாது.

மே 22, வெள்ளி
அங்கம்மாவிடம் போய், “எப்பிடி நிறுத்துறது, சொல்லுங்கோ” என்றேன். வெற்றிலையை மென்றபடி நன்றாகச் சிரித்தாள். பிறகு சரிவில் ஏறி, கையை நீட்டி நீட்டிக் காட்டினாள். சரிவுக்குக் குறுக்கே ஆழமில்லாத கான்கள், தண்ணீர் வடிய. கான்களுக்கு நடுவே முளையடித்துத் தேங்காய் மட்டை வரிசை. அடியில் ஒரு குழி: தண்ணீர் அதில் நின்று, சேற்றை விட்டுவிட்டுப் போகவேணும். மிச்ச இடமெல்லாம் வேரும் மண்ணுமாய்ப் பெயர்த்துப் பதித்த புல்பத்தை.

“கான் நட்டுக்குத்தா எறங்கக் கூடாதுங்க. எறங்குனா தண்ணிக்கு நாமளே ரோட்டுப் போட்டுக் குடுத்த மாதிரி.”

மட்டைக்கு எங்கே போவது என்று நின்றேன். செபஸ்தியன் கிருலப்பனைப் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றிலிருந்து படகு நிறையக் கொண்டுவந்து இறக்கினான். கடிதக் கதை அவன் காதுக்கும் போயிருக்க வேணும். 

மே 29, வெள்ளி
ஒரு மட்டை வரிசை சரிந்தது. அங்கம்மா ஏசினாள், என்னைத்தான். முளை போதவில்லையாம்.

ஜூன் 14, ஞாயிறு
காலையிலிருந்து அடை மழை. குடையோடு புறப்பட்டேன், கௌரியும் கூட வந்தாள். கான் வழியாகத் தண்ணீர் அவசரமில்லாமல் நடந்து வந்தது. குழிக்குள் செந்நிறமாய் விழுந்தது, மறுபக்கம் கிட்டத்தட்டத் தெளிந்து வாய்க்காலுக்குள் போனது. ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றோம். சாரி கணுக்கால் வரை நனைந்தும் கௌரி போவோம் என்று சொல்லவில்லை.

ஜூலை 6, திங்கள்
தலைமை ஓவசியர் வேலை வேறு ஆளுக்கு. எனக்குப் பொரளைக்கு மாற்றம். அங்கே ஒரு மேடு சரிகிறதாம். பெரிய கவலை இல்லை. காலையில் ஒரு மணித்தியாலம் இருந்தது, பிறகு போய்விட்டது.

துரையிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: அங்கம்மாவின் ஆட்கள் என்னோடு வரவேணும். சம்மதித்தார். அவளிடம் போய்ச் சொன்னேன்.

“வர்றேங்க. ஆனா எங்க வெட்டணும்னு நாந்தான் சொல்லுவேன்” என்றாள்.

ஓம், நீங்களே சொல்லுங்கோ என்றேன்.